வாய்திறவாப் படலம்: புத்தூர்த் தொட்டி ஒன்றில் மீன்குஞ்சுகளின் ஊண் மறுப்பு

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் இளமைக்கு ஒன்பது பெயர் சொல்கிறார். பார்ப்பு, பறழ், குருளை என்று போகும் அந்தப் பட்டியலில் எலிக்கும் அணிலுக்கும்கூட இடம் உண்டு. மீனுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. விடுபட்டுப்போயிற்று என்பார் ஒரு சாரார். அஃதன்று. புலவர் சிக்லிட் என்னும் மீன்குடும்பத்துக் குஞ்சுகளுக்கு மூன்று நாள் சாப்பாடு போட்டுப் பார்த்திருப்பார், பெயர் வைக்கிற மனநிலையே போயிருக்கும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

ஆய்வுக்களம், திருச்சி புத்தூர் நாலு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு வீட்டுக் கூடம், அதில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. ஆய்வுப்பொருள், ராம் என்னும் குட்டை இனச் சிக்லிட் குஞ்சுகள் ஆறு. முழு வளர்ச்சியிலேயே இரண்டு அங்குலம் எட்டினால் அதிகம், இவையோ கட்டைவிரல் நகத்தளவு. ஆய்வாளர் அடியேன். மேற்பார்வை, யாரும் கேட்காமலே, பெரியம்மா.

மூலபாடம் கடைக்காரர் வாக்கு: “எல்லாம் சாப்பிடும் சார்.” இதற்கு உரை காண்பது எளிதன்று. ‘எல்லாம்’ எழுவாயா, செயப்படுபொருளா? எழுவாய் எனின் ஆறு மீனும் சாப்பிடும் என்றாகும். செயப்படுபொருள் எனின் எதைப் போட்டாலும் சாப்பிடும் என்றாகும். இரண்டு பொருளும் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே பொய்த்தன. அந்த வாக்கியத்தில் மெய்யாக நின்றது ‘சார்’ ஒன்றுதான்.

அடுத்து, பெயராய்வு. இம்மீனின் தாயகம் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஓரினோக்கோ ஆற்றுப் படுகை. 1948-ல் அறிவியல் பெயர் சூட்டியவர்கள், மீன் பிடித்துத் தந்த மனுவேல் ராமிரேஸ் என்பவரின் பெயரை அதில் சேர்த்தார்கள். ராமிரேஸ் கடல் கடந்து நம் மீன்கடைகளுக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்து ராம் ஆகிவிட்டார். இந்தத் திரிபு எனக்குச் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. நான் ரத்தப்புழு டப்பாவைத் திறந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை.

“ஏன்டா, ராமருக்கா புழுவ போடுற? அதுவும் இந்த மாசத்துல?”

“பெரியம்மா, அது ராமர் இல்ல, ராமிரேஸ்.”

“யாரா இருந்தா என்ன, இன்னிக்கு சனிக்கிழம.”

பேரினப் பெயர் இன்னும் வேடிக்கை. மைக்ரோஜியோபேகஸ் என்றால் சின்ன மண்தின்னி. மண்ணையே தின்னும் என்று பெயரெடுத்த பிராணி, வெளிநாட்டு டப்பாவில் வந்த குருணைத் தீவனத்தை வாயில் வாங்குவதும் ‘தூ’ என்று துப்புவதுமாக இருந்தது. சிக்லிட்டுகளுக்கு வாய்த்தாடை போதாதென்று தொண்டைக்குள்ளும் ஒரு தாடை உண்டு. இரண்டு தாடை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியமாகிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிந்து வரும் உய்யகொண்டான் வாய்க்கால் எங்கள் பேட்டை வழியாகத்தான் நகருக்குள் நுழைகிறது. ஊர்ச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு ஓடும் அந்தத் தண்ணீரில் ஜிலேபிக் கெண்டை கொழுத்துத் திரிகிறது. பாசி, புழு, சோற்றுப் பருக்கை, யாரோ கை தவறவிட்ட வடை, எதற்கும் அது முகம் சுளித்ததில்லை. இந்த ஜிலேபியும் ஒரு சிக்லிட்தான். ஆப்பிரிக்காவில் பிறந்த இனம். 1952-ல் இந்தியாவுக்கு வந்து மண்டபத்தில் இறங்கியது. அப்புறம் அது நுழையாத குளம் தமிழ்நாட்டில் அபூர்வம். ஒரே குடும்பம், நடுவே ஒரு தெருதான் தூரம். அங்கே அண்ணன் சாக்கடையில் விருந்துண்கிறான். இங்கே தம்பி வடிகட்டிய தண்ணீரில் உண்ணாவிரதம் இருக்கிறான். வளர்ப்பு சரியில்லை என்று பெரியம்மா சொன்னது என்னையா மீனையா என்பது தெளிவில்லை.

சோதனைகள் பல. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து விட்டேன். அரைமணியில் தொட்டி நீராகாரம் ஆயிற்று. பாதித் தண்ணீரை மாற்றவேண்டி வந்தது. இது பற்றி மேலும் பேச விருப்பமில்லை.

கொசுப்புழுச் சோதனைதான் விரித்துரைக்கத் தக்கது. மொட்டைமாடியில் பழைய வாளி ஒன்றில் தண்ணீர் பிடித்து, நாலு காய்ந்த இலையைப் போட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் வாளி நெளிந்தது. அடுப்படியிலிருந்து டீ வடிகட்டியை யாரும் பார்க்காமல் எடுத்துப்போய் அள்ளி, நல்ல தண்ணீரில் அலசித் தொட்டியில் கவிழ்த்தேன். அதுவரை செடிக்குப் பின்னால் சாமியார்போல் நின்றிருந்த ஆறும் பாய்ந்து வந்தன. புழு ஒரு துள்ளுத் துள்ளும். குஞ்சு தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அளவெடுக்கும். அப்புறம் ஒரே உறிஞ்சல். சோதனை வெற்றி என்று குறிப்பேட்டில் எழுதிய மறுநாளே, வீடு வீடாகக் கொசுப்புழு தேடி வருகிறவர்கள் மாடியேறினார்கள். “என்ன சார் இது, வளக்குறீங்களா?” என்று கேட்டார் ஒரு பெண். உண்மையில் வளர்த்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் சொல்ல வாய் வரவில்லை. வாளி என் கண்ணெதிரே கவிழ்ந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்ததால் வழக்குரைக்க இடமில்லை.

பின்னர் ஆர்ட்டீமியா. உப்பு ஏரிகளில் வாழும், இறாலுக்குத் தூரத்து உறவான சிற்றுயிர். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. அதன் முட்டை காய்ந்த நிலையில் காபித்தூள்போல் இருக்கும். குளிர்பானப் பாட்டிலை அடி வெட்டித் தலைகீழாக மாட்டி, லிட்டருக்கு 25, 30 கிராம் கணக்கில் கல்லுப்பு கரைத்து, காற்றுக்குழாய் விட்டால் ஒருநாள் ஒன்றரைநாளில் பொரிந்துவிடும். திருச்சி வெயிலில் சூடேற்றும் கருவி வேண்டாம். காற்றை நிறுத்திவிட்டு அடியில் டார்ச் அடித்தால் வெறும் ஓடு மேலே மிதக்க, உயிருள்ளவை வெளிச்சத்தைத் தேடிக் கீழே திரளும், ஆரஞ்சு நிறப் புகைபோல. அதை மெல்லிய துணியில் வடித்துத் தொட்டியில் விட்ட பத்தாவது நிமிடம் ஆறு குஞ்சுக்கும் வயிறு ஆரஞ்சாகப் புடைத்து நின்றது.

இவற்றால் பெறப்படுவது யாதோ எனின், அசையாதது எதுவும் இக்குஞ்சின் அகராதியில் உணவன்று. குருணை அதன் கண்ணுக்குக் கூழாங்கல். அன்றியும், துப்பியதையெல்லாம் மறுப்பு என்று நான் பதிந்ததே பிழை. மண்தின்னி வகையறா மணலை வாய்நிறைய அள்ளும், உள்ளேயே சலிக்கும், தின்பது இருந்தால் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். முறத்தில் புடைப்பவளைப் பார்த்து அரிசியை வீசுகிறாள் என்று எழுதி வைத்தவன் கதையாயிற்று என் குறிப்பேடு. பதினோரு பக்கம் வீண்.

ஆனால் தினமும் இறால் பொரிக்க நானென்ன பண்ணையா வைத்திருக்கிறேன்? குருணைக்குப் பழக்கியாக வேண்டும். ஐப்பசி பிறந்து விரதம் முடிந்த ஒரு சாயங்காலம் பெரியம்மா தொட்டிப் பக்கம் வந்தார். இரண்டு குருணையை உள்ளங்கையில் நுணுக்கி, வடிப்பானிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் தூவினார். தூள் சுழன்று ஓடியது. ஒரு குஞ்சு துரத்தியது. பின்னாலேயே இன்னொன்று.

“பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஆட்டிக் காமிக்கணும்டா. சும்மா கொட்டிட்டு நின்னா எவன் திம்பான்?”

இவ்வுண்மையை ஆய்வாளர் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கையில், அடுப்படிக்குத் திரும்பிய மேற்பார்வையாளரிடமிருந்து வந்த வினா: “ஒரு மாசமா தேடுறேன், இந்த வடிகட்டி எங்கடா போச்சு?”