வயர்ப் புணரியல்: டிவியும் ஹோம் தியேட்டரும் சேருமிடத்து நிகழும் விகாரங்கள் குறித்து

இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் இலக்கணிகள் விதி விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்பது நிலைமொழி, பின்னால் வருவது வருமொழி, இரண்டும் சேர்வது புணர்ச்சி. மாறாமல் சேர்ந்தால் இயல்பு, மாறினால் விகாரம். விகாரமும் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றே வகைதான் என்று நன்னூலார் கறாராக முடித்துவிட்டார். ஆனால் டிவியும் ஹோம் தியேட்டரும் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் ஆசிரியர் எவரும் சூத்திரம் செய்யவில்லை. பெட்டிக்குள் வரும் கையேட்டில் தமிழ் இல்லை. இருக்கும் மொழிகளிலும் படம்தான் புரிகிறது. இக்குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வுக்களம் என் வீட்டு ஹால். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. ஆய்வுக்காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி தொடங்கி இரவு இட்லி ஆறும் வரை. நிலைமொழி, சுவரில் மாட்டிய 43 அங்குல டிவி. வருமொழி, ஆடித் தள்ளுபடியில் வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர். துணை ஆய்வாளர் என் மச்சினன். "ரெண்டு நிமிஷ வேலை மாமா, நீங்க உக்காருங்க" என்ற கருதுகோளை முன்வைத்தவர் அவர்தான்.

முதலில் 5.1 என்னும் எண்ணை ஆராய்வோம். ஐந்து ஸ்பீக்கர் சரி, அந்தப் புள்ளி ஒன்று யார்? அது சப்-வூஃபர். மற்ற ஐந்தும் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் உரிமை பெற்றவை. சப்-வூஃபருக்கென்று ஒதுக்கிய தடமோ 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதனால் அதற்கு முழு எண் மரியாதை கிடையாது, பத்தில் ஒரு பங்குதான். நம் பழைய பின்னக் கணக்கில் பத்தில் ஒன்று இருமா. ஆகவே 5.1 என்பதைத் தமிழில் 'ஐந்தே இருமா' என்க. ஆனால் இருபதாயிரத்தில் நூற்றிருபது என்று நேர்மையாக வகுத்துப் பார்த்தால் நூற்றறுபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதாவது அரைக்காணிக்கும் சற்றுக் குறைவு. வீட்டிலேயே பெரிய பெட்டியும் அதுதான், அதிகச் சத்தமும் அதுதான், கணக்கில் மட்டும் அரைக்காணி. குடும்பங்களில் இப்படிச் சிலர் இருப்பதை நாம் அறிவோம்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தது. இது உயர்வு நவிற்சி அணி. நம் சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட், 230 வோல்ட்டில், முக்கினாலும் 1,380 வாட்ஸுக்கு மேல் தராது. பத்தாயிரம் எங்கிருந்து வரும்? ஹோம் தியேட்டரின் பின்பக்கம், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், மின்நுகர்வு 60 வாட்ஸ் என்று சின்னதாக ஒரு ஸ்டிக்கர். இது தன்மை நவிற்சி அணி. ஒரே பொருளில் இரண்டு அணியும் வந்தமை காண்க.

இனிப் புணர்ச்சி. முதல் முயற்சி மஞ்சள், வெள்ளை, சிவப்புத் தலைகள் கொண்ட ஏவி வயர். அந்தப் பின்னின் வயது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1930களில் கிராமபோனை ரேடியோவோடு சேர்க்கக் கண்டுபிடித்தது அது; இன்றும் அதே உருவில், அதே கெட்டியான பிடிப்போடு நம் ஹாலில் இருக்கிறது. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடக்காதுக்கு, சிவப்பு வலக்காதுக்கு. செட்டாப் பாக்ஸின் முதுகில் துழாவி, மச்சினன் வெள்ளையை மஞ்சளில் சொருகிவிட்டார். படத்தின் சிக்னலை ஆம்ப்ளிஃபையர் பாட முயன்றால் எப்படியிருக்கும்? மாவு மில்லில் கல் மாட்டிக்கொண்டதுபோல 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா, மிக்ஸியை யாரு ஹால்ல வச்சது?" என்றாள்.

சரியான துளையில் சொருகியபின் பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் அழைக்காத ஒன்றும் வந்தது: 'ம்ம்ம்ம்'. யாரோ ஒரு பெரியவர் எல்லாவற்றையும் ஆமோதித்துக்கொண்டே இருப்பதுபோல, விடாமல். நிலைமொழியிலும் இல்லாத, வருமொழியிலும் இல்லாத ஓர் எழுத்து நடுவில் முளைப்பதால் இது தோன்றல் விகாரம் எனப்படும். உடம்படுமெய்போல என்று கொள்க. ஆனால் இங்கே தோன்றுவது உடன்படாத மெய். காரணம் எளிது. கேபிள்காரர் இழுத்த வயரின் மேலுறை தெருக்கோடியில் ஒரு மண்ணைத் தொடுகிறது. நம் வீட்டு எர்த் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வேறொரு மண்ணைத் தொடுகிறது. இரண்டு மண்ணுக்கும் நடுவே இருக்கும் சின்ன மனத்தாங்கல், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சுருதியில், ஏவி வயர் வழியாக ஓடி ஸ்பீக்கரில் முனகுகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிளைப் பிடுங்கினால் முனகல் நின்றது. சேனலும் நின்றது.

"ஆப்டிக்கல் போட்டுருவோம் மாமா. அதுல கரண்டே போகாது, வெளிச்சந்தான் போகும்." சொன்னது சரிதான். 1983இல் டோஷிபா கொண்டுவந்த ஏற்பாடு அது. செம்பே இல்லை, மெல்லிய இழை வழியாகச் சிவப்பு ஒளி துடித்துத் துடித்துச் சத்தத்தைச் சொல்லும். மண்ணுக்கும் மண்ணுக்கும் சண்டை மூட்ட அதில் வழியே கிடையாது. சொருகினோம். உள்ளே போவேனா என்று அடம்பிடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம். முனகல் சுத்தமாகப் போயிற்று. கூடவே பாட்டும் போயிற்று. இது கெடுதல் விகாரம்.

கெடுதலைப் போக்க மேற்கொண்ட ஆய்வு ஒரு மணி நேரம் நீடித்தது. டிவியின் மெனுவுக்குள் போய், சவுண்டுக்குள் போய், சவுண்டு அவுட்புட்டுக்குள் போய், எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ் என்ற, எங்கள் தகுதிக்கு மீறிய அறைக்குள்ளும் போனோம். டிஜிட்டல் அவுட்புட் பி.சி.எம்.மில் இருந்தது, வேறொன்றாக்கினோம், திரும்ப பி.சி.எம். ஆக்கினோம். மொழி எப்படியோ இந்திக்கு மாறியது. அதை மீட்கவே பத்து நிமிடம். கடைசியில் எட்டு வயது மகள் வயரைக் கழற்றி முனையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கே, எடுக்கலையா?" என்றாள். அரை அங்குல பிளாஸ்டிக் மூடி. அழுக்குப் படாமலிருக்கக் கம்பெனிக்காரர்கள் போட்டு அனுப்புவது. அதோடு சேர்த்துத்தான் இரண்டு ஆண்கள் பலம்கொண்ட மட்டும் அழுத்தியிருந்தோம். உரையாசிரியர்கள் இத்தகைய இடத்தில் 'இதனுள் ஆராய்ந்து கொள்க' என்று எழுதிவிட்டு நகர்வார்கள். நானும் நகர்கிறேன்.

ஆப்டிக்கலில் சத்தம் வந்த பிறகு வேலையை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சத்தம் கூட்ட ஒரு ரிமோட், சேனல் மாற்ற ஒரு ரிமோட், டிவியை அணைக்க ஒரு ரிமோட் என்று மூன்றாயிற்று. மூன்றும் வாங்கிய நாளின் பாலிதீன் உறையைக் கழற்றாதவை, மூன்றும் கறுப்பு. அம்மா சத்தத்தைக் குறைக்கிறேன் என்று டிவியை அணைத்தாள். ஒரே ரிமோட்டில் எல்லாம் ஆட வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.தான் வழி என்று துணை ஆய்வாளர் தீர்ப்பளித்தார்.

எச்.டி.எம்.ஐ. 2002 டிசம்பரில் பிறந்தது, பத்தொன்பது பின்கள். டிவிக்கு எல்லாம் வந்து சேருமே ஒழிய அங்கிருந்து எதுவும் திரும்பாது என்பது ஆதி வழக்கம். 2009இல் 1.4 பதிப்போடுதான் ஏ.ஆர்.சி. என்ற ஏற்பாட்டில் டிவி தன்னிடமுள்ள சத்தத்தை அதே வயரில் திருப்பி அனுப்பத் தொடங்கியது. சீர் வாங்கிய வீடு எதிர்ச்சீர் செய்வதுபோல. ஆனால் அந்த மரியாதை டிவியின் எல்லாத் துளைக்கும் கிடையாது, பெரும்பாலும் ஒன்றே ஒன்றுக்குத்தான். அது எது என்று டிவியின் முதுகில் எழுதியிருக்கும். முதுகோ சுவரைப் பார்த்திருக்கும். எங்கள் வீட்டில் சுவருக்கும் டிவிக்கும் நடுவே இருந்தது நாலு விரற்கடை. அதற்குள் செல்போனை விட்டு, குருட்டாம்போக்கில் பதினேழு படம் எடுத்தோம். பதினான்கில் சுவரும் ஒரு பல்லியும். பதினைந்தாவதில் 'ஏ.ஆர்.சி.' தலைகீழாகத் தெரிந்தது. பின்னின் ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். கையை மட்டும் உள்ளே விட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தடவித் தடவிச் சொருகும்போது முதல் தடவையே சரியாகப் போனதாக எந்த வீட்டிலும் சான்று இல்லை.

அதற்குமேல் சி.இ.சி. என்ற ஒன்றை ஆன் செய்ய வேண்டும். ஒரு கருவி சொல்வதை இன்னொன்று கேட்கச் செய்யும் ஏற்பாடு அது. மெனுவில் தேடினால் அந்தப் பெயரில் இருக்காது. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க். ஒருபொருட் பல்பெயர்த் தொகுதிக்கு நிகண்டாசிரியர்கள் தேடி அலைந்த பொருள் இதுவே.

ஏ.ஆர்.சி. புணர்ந்தது. ரிமோட் ஒன்றாயிற்று. ஆனால் செய்தி வாசிப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே 'வணக்கம்' வந்துவிட்டது. சத்தமும் இருக்கிறது, படமும் இருக்கிறது, இரண்டும் இடம் மாறிவிட்டன: திரிதல். இந்தக் கால டிவி படத்தை அப்படியே காட்டுவதில்லை. தேய்த்து, மெருகேற்றி, பொட்டு வைத்து அனுப்புவதற்குள் சத்தம் கிளம்பிப் போயிருக்கிறது. சத்தம் பிந்தினால் நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, முந்தினால் உடனே உறுத்தும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதை அளந்தே வைத்திருக்கிறது: சத்தம் 45 மில்லி செகண்டு முந்தினாலே தெரிந்துவிடும், பிந்துவதானால் 125 வரை தெரியாது. மின்னலுக்குப் பின் இடி கேட்டே வளர்ந்த காது அல்லவா. ஹோம் தியேட்டரில் 'ஆடியோ டிலே' என்ற இடத்தைக் கண்டுபிடித்து எண்பது வைத்ததும் வணக்கமும் வாயும் சமாதானமாயின.

இந்த ஆய்வின் மையமான இடத்துக்கு இப்போதுதான் வருகிறோம். வயரை எப்படியாவது சேர்த்துவிடலாம். ஸ்பீக்கரை வைப்பதற்குத்தான் நம் ஹாலில் இடமில்லை. அளவில் சொல்லவில்லை, தத்துவத்தில் சொல்கிறேன். அதே ஒன்றியத்தின் பிஎஸ் 775 என்ற பரிந்துரைப்படி முன் ஸ்பீக்கர்கள் கேட்பவருக்கு இருபுறமும் 30 பாகையிலும், பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். அதாவது கேட்பவர் ஹாலின் நடுவில், சுற்றிலும் காலி இடம் விட்டு, தனியே உட்கார்ந்திருக்க வேண்டும். தமிழ் வீட்டில் அப்படி உட்காருபவர் யார்? நலங்கு வைக்க மணையில் உட்காரவைத்த மாப்பிள்ளை ஒருவர்தான். மற்ற நாளெல்லாம் நாம் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நடுவைக் காலியாக விடுகிறோம். பந்திக்கு, கொலுவுக்கு, விருந்தாளிகள் பாய் விரித்துப் படுக்க. சோபாவுக்குப் பின்னால் சுவர். ஆக, 'பின்' என்றொரு திசையே நம் ஹாலில் கிடையாது.

பாகைமானி வைத்துப் பார்த்ததில் வலப்பக்கம் 110 பாகையில் ஃபிரிட்ஜ் இருந்தது. ஸ்பீக்கரை அதன் தலையில் வைத்தோம். இடப்பக்கம் அதே 110 பாகையில் சாமி அலமாரி. சீரியலில் மாமியார் முறைக்க, இடி மூன்று தரம் இடிக்க, முருகர் படத்துக்குப் பின்னாலிருந்து 'தடார்' என்றது. அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஸ்பீக்கர் அன்றே ஷோகேஸுக்குக் குடிபெயர்ந்தது.

நடு ஸ்பீக்கர் பற்றி ஒரு கிளை ஆய்வு. சரவுண்டு மோடில் வசனமெல்லாம் பெரும்பாலும் நடுவிலிருந்துதான் வரும். வயரின் தோலை மச்சினன் பல்லால் கடித்து உரித்த அவசரத்தில், நடு ஸ்பீக்கரின் கிளிப்பில் செம்பு சரியாக மாட்டவில்லை. வசனம் அறவே போய், பின்னணி இசை மட்டும் நின்றது. இது தெரியாமல் அம்மா ஒரு சீரியலின் முழு எபிசோடையும் அப்படியே பார்த்து முடித்தாள். "கதை என்னம்மா?" என்று கேட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சப்-வூஃபருக்கு இடப் பிரச்சினை இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாலும் ஒன்றுதான். வைத்தோம். ஆனால் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். எங்கள் ஹாலின் நீளம் நாலு மீட்டர்கூட இல்லை. மிச்சம் கீழ்வீட்டுக்குப் போனது. அங்கே ஹவுஸ் ஓனர் இருந்தார். மேலே வந்தவர் கோபிக்கவில்லை. "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி, எவர்சில்வர் தம்ளருங்கதான் நடந்து வருது" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சத்தமே இல்லை, ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் ஐயமும் இல்லை.

ஹவுஸ் ஓனர் காபி குடித்து முடித்துப் படியிறங்கும்போது கரண்ட் போயிற்று. இருட்டில் மச்சினன், "இப்ப எல்லாம் செட் ஆயிடுச்சு மாமா, இனிமே தொடவே வேணாம்" என்றார். கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. டிவி தானே எழுந்தது. ஹோம் தியேட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். சவுண்டு அவுட்புட் சொல்லாமல் கொள்ளாமல் டிவியின் சொந்த ஸ்பீக்கருக்குத் திரும்பியிருந்தது. நான் மெனுவுக்குள் நுழைய ரிமோட்டை எடுத்தேன்.

"விடுடா, இப்பத்தான் பேசறது தெளிவாக் கேக்குது" என்றாள் அம்மா.