பழைய மோட்டார் சைக்கிளும் ஆறு பிரமாணங்களும்

ஒரு பொருளின் உண்மையை அறிவதற்குரிய பிரமாணங்கள் எத்தனை என்பதில் நம் நாட்டுத் தரிசனகாரர்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கண்ணாற் கண்டது ஒன்றே மெய் என்றனர் சார்வாகர்; அதனுடன் அனுமானத்தையும் சேர்த்து இரண்டோடு நின்றனர் வைசேஷிகர்; நான்கு வேண்டும் என்றனர் நையாயிகர்; ஆறுக்கு ஒன்றும் குறையாது என்று சாதித்தனர் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர். மலையையும் குடத்தையும் வைத்தே வாதம் புரிந்த அம்மகான்களில் ஒருவருக்கேனும் செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகும் பாக்கியம் கிட்டியிருக்குமாயின், பட்டர் கட்சி அன்றே ஜயித்திருக்கும் என்பது அடியேனின் துணிபு.

டேங்கின் பளபளப்பையும் புது சீட் கவரையும் கண்டு அந்த இடத்திலேயே அட்வான்ஸ் கொடுப்பவர் சார்வாகர். அவர்மீது நமக்குக் கோபமில்லை. பிரத்தியட்சம் பொய்யன்று, பார்க்கும் இடந்தான் பிசகு. ஹேண்டிலுக்குக் கீழே, பிரேமின் கழுத்தில் வெட்டப்பட்டிருக்கும் சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்து எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா, முன் போர்க்கின் குழாயில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா, பின்சக்கரப் பற்சக்கரத்தின் பற்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதே மெய்யான காட்சி.

அனுமானத்துக்கு வருவோம். புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பது தர்க்க சாஸ்திரத்தின் பாலபாடம். நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்ஸரில் நீலம் பாரித்த புகை கண்டால், எஞ்சின் ஆயில் எரிகிறது, ஆகவே பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது, ஆகவே எஞ்சினைப் பிரிக்கும் செலவு காத்திருக்கிறது என்று படிப்படியாக ஏறலாம். கரும்புகையாயின் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்பதே பொருள். பெரும்பாலும் கார்புரேட்டரையும் ஏர் பில்டரையும் கவனித்தால் தீர்ந்துவிடும். ஆயினும் இங்கே ஹேத்வாபாசம், அதாவது போலிக் காரணம், ஒன்று ஒளிந்திருக்கிறது. 1985இல் வந்து 1996இல் தயாரிப்பு நின்று, இன்றளவும் இளைஞர்களால் உபாசிக்கப்படும் யமஹா ஆர்எக்ஸ் 100, பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்தே எரிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் ஜாதியைச் சேர்ந்தது. புகைவது அதன் ஸ்வதர்மம். அதன் புகையைச் சான்றாகக் காட்டி விலையைக் குறைக்க முயல்பவர், தர்க்கத்திலும் தோற்று வண்டியையும் இழப்பார். விற்பவர்களோ, நாம் போய்ச் சேரும் முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, குளிர்ந்த நிலையில் அது எத்தனை உதைக்கு மசியும் என்பதை மறைத்துவிடுகிறார்கள். ஆதலால் சாவியைக் கேட்பதற்கு முன் எஞ்சினருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது உத்தமம்.

ஒப்பிட்டு அறியும் உபமானம் இங்கே அதிகம் பயன்படாது. அடுத்த வீட்டார் வண்டி எப்போதும் நம் வண்டியைவிட நன்றாகவே ஓடும்.

பிறர் சொல்லைக் கொண்டு அறியும் சப்தப் பிரமாணமோ தாராளமாகக் கிடைக்கும். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வச்சிருந்த வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குந்தான் ஓடியிருக்கு" என்பது மகாவாக்கியம். இந்நாட்டில் இத்தனை டாக்டர்கள் மோட்டார் சைக்கிளில் போனார்கள் என்பதைப் பழைய வண்டி விற்பவர்களிடமிருந்தே அறிகிறோம். ஆப்தன் என்பவன் உண்மையை உள்ளபடி அறிந்தவன், அறிந்தபடியே சொல்பவன் என்று இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். விற்பவர் இவ்விலக்கணத்தின் முற்பாதியைப் பரிபூரணமாக நிறைவேற்றுகிறார். எத்தனையாவது உடைமையாளர் என்பதை ஆர்.சி.யே சொல்லிவிடும், மற்றவற்றுக்கு நமக்குப் பழக்கமான மெக்கானிக்கே ஆப்தன்.

பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறானெனின் இரவில் உண்கிறான் என்று கொள்வது அர்த்தாபத்தி. மீட்டர் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்கிறது. புட்ரெஸ்ட் ரப்பரோ வரி ஒன்றுகூட இல்லாமல் மழுங்கிக் கிடக்கிறது, பிரேக் பெடல் கண்ணாடியாய் மின்னுகிறது. தேவதத்தன் ஸ்பீடாமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு இரவில் உண்டிருக்கிறான்.

எஞ்சிய ஆறாவதாகிய அனுபலப்தி, அதாவது இன்மையைக் கொண்டு அறிவது, பட்டர் கட்சியின் பிரம்மாஸ்திரம். பத்து வருஷத்து வண்டியின் எஞ்சினில் பிசுக்கு இல்லை, அடியில் சேறு இல்லை, நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை எனில், அன்று காலைதான் வாட்டர் சர்வீஸ் செய்து, வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். கடன் இல்லை என்ற இன்மையைமட்டும் வாய்ச்சொல்லால் ஏற்கலாகாது, ஆர்.சி.யில் பைனான்ஸ் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் கைக்கு வந்தாக வேண்டும். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்தும் அன்றைக்கே ஆக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வாங்குபவருக்கு 30 நாள் தருகிறது. விற்றவர் போனை எடுப்பது பெரும்பாலும் முதல் வாரத்தோடு சரி.

இத்தனை பிரமாணங்களோடு போகிறவரைப் பார்த்து விற்பவரும் சும்மா இருப்பதில்லை, அவரும் நையாயிகரே. விலையைக் கேட்கும்போது நம் கை தன்னையறியாமல் டேங்கைத் தடவுமாயின், 'இவர் வாங்காமல் போகமாட்டார்' என்பது பிரதிக்ஞை, 'டேங்கைத் தடவுவதால்' என்பது ஹேது, 'போன வாரம் வந்தவரைப் போல' என்பது உதாரணம். முடிவாகிய நிகமனம், சொல்லும் விலையில் இரண்டாயிரம் கூடி வெளிப்படும்.