பஸ் போயிடுச்சு, செயலி இன்னும் சுத்துது

தம்பி, பசியாறிட்டியா? நல்லது. வயிறு நிறைஞ்சவனைத் திட்டினாத்தான் எனக்கும் பாவமில்லை.

பினாங்கு ஜெட்டியிலே, அதான் படகுத்துறையிலே, நின்னுக்கிட்டு உன் பஸ் செயலியைத் திறந்தேன். கொடிமலைக்குப் போற 204 பஸ் எங்கே வருதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். வட்டம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. 204 என் மூக்குக்கு முன்னாடியே வந்து, ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுச்சு. அப்புறம் உன் செயலி சொல்லுது, பஸ் ஜெட்டியிலே நிக்குதாம். ரொம்ப நன்றிப்பா!

ராப்பிட் பினாங்கு பஸ் எங்கே ஓடுதுங்கிற தகவலை அரசாங்கத்தோட திறந்த தரவுத் தளம் இலவசமாக் கொடுக்குது. 30 விநாடிக்கு ஒருதரம் புதுசாகும். அதுவும் ப்ரோட்டோபஃப்னு, 2008-லே கூகிள் வெளியே விட்ட சிக்கனமான வடிவம். நீ என்ன பண்றே? அந்தச் சின்னப் பொட்டலத்தைப் பிரிச்சு, ஜேசன்ங்கிற எழுத்து வடிவமா ஊதிப் பெருக்கி, தீவுலே ஓடுற பஸ் அத்தனையையும், நிறுத்தம் அத்தனையையும் சேர்த்து என் கைப்பேசிக்குத் தள்ளுறே. செயலியும் அதை விநாடிக்கு ஒருதரம் கேட்டு வாங்குது. கேக்கக் கேக்க பஸ்ஸு வேகமா வந்துடுமா?

நாசி கண்டார் கடையிலே சோறும் மீன்கறியும் கேட்டவனுக்கு, கடையிலே உள்ள சட்டி அத்தனையையும் மேசையிலே கொண்டாந்து கவுக்குறானா? தடம் எண், இடம், நேரம். மூணே மூணு போதும், அதுவும் நான் கேட்ட தடத்துக்கு. நிறுத்தத்துப் பேரு தினமுமா மாறுது? ஒருதரம் இறக்கி, கைப்பேசியிலேயே எஸ்கியூலைட் தரவுத்தளத்திலே வச்சிக்க.

ஆனா உன் துல்லியத்தை மெச்சணும். அட்சரேகைக்கு 15 தசம இலக்கம்! 5 இலக்கம் இருந்தாலே ஒரு மீட்டருக்குப் பக்கத்திலே இடத்தைச் சொல்லிடலாம். பஸ்ஸே அதைவிட எத்தனையோ மடங்கு நீளம். அது கூரையிலே எறும்பு எங்கே உக்காந்திருக்குன்னா தேடுறே?

இன்னொண்ணு. திரையை நொடிக்கு 60 தடவை வரையணும்னா ஒரு தடவைக்கு 16 மில்லிவிநாடிதான் கிடைக்கும். வரையுற அதே மெயின் த்ரெட்டிலே உக்காந்து ஜேசனையும் பிரிச்சா, வரைபடத்தை விரலாலே எவ்வளவு தள்ளினாலும் நகருமா? ஃப்ளட்டர்லேதானே எழுதினே? அதிலே 'கம்ப்யூட்'னு ஒண்ணு இருக்கு. பிரிக்கிற வேலையைத் தனியா ஓடுற வேற ஐசோலேட்டுக்கு அனுப்பிடும். (கிழவனுக்கு இது எப்படித் தெரியும்னு முழிக்காதே. பேத்தி உன்னைத் திட்டும்போது பக்கத்திலேதான் இருந்தேன்.) தொட்டதுக்கு அஞ்சு விநாடியாப் பதிலே இல்லேன்னா ஆண்ட்ராய்டு, இதை மூடிடலாமான்னு என்கிட்டேயே கேக்குது. மூடிட்டேன்.

எல்லாத்தையும் மன்னிச்சாலும் இதை மன்னிக்கமாட்டேன். நம்ம எழுத்து ஒவ்வொண்ணையும் பின்சாய்கோடு, யூ, நாலு குறின்னு மாத்தி அனுப்புறியே! 'பினாங்கு'ன்னு நேரா எழுதினா 24 பைட். உன் பாணியிலே 48. அதை என் கைப்பேசி மறுபடி தமிழாக்கணும். பைத்தானைச் சும்மா விட்டா ஜேசனை அப்படித்தான் எழுதும். 'என்ஷூர் ஆஸ்கி'ங்கிற அமைப்பை 'ஃபால்ஸ்'னு மாத்தினா தமிழ் தமிழாவே வரும். ஒரு வரி வேலை.

இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ளே அதையாவது மாத்திடு. நாளைக்கு நான் பஸ் பிடிச்சுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகணும்.