பேசிக்கொண்டே ஓடுங்கள்

ஓட்டம் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வயது நாற்பத்திரண்டு. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்யும் வேலை. பாடசாலையை விட்ட பிறகு ஓடியதே இல்லை. இனி ஓடலாமா?
– அரச ஊழியர், சம்மாந்துறை

பதில்: தாராளமாக. ஒரு நிமிடம் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இப்படியே இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரம் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீற்றர் கைக்குள் வந்துவிடும். சீனி வருத்தம், பிரஷர், நெஞ்சு நோவு ஏதும் இருந்தால் முதலில் வைத்தியர், பிறகுதான் வீதி. தமிழ்நாட்டு அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் விபத்தில் முழங்கால் பாதிக்கப்பட்டவர். ஐம்பதைக் கடந்த பிறகே ஓட்டத்தைக் கையில் எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மரதன்களை முடித்திருக்கிறார்.

கேள்வி: ஐந்நூறு மீற்றர் தாண்டமுன்னே மூச்சு வாங்குகிறதே?
– மாணவன், காரைதீவு

பதில்: மூச்சில் குறையில்லை தம்பி, வேகம்தான் கூடிவிட்டது. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனம் பேச முடிந்தால் அதுவே உங்கள் வேகம். தனியாக ஓடினால் ஸலவாத்தை ஓதிப் பாருங்கள். இடையில் மூச்சு முட்டாமல் வந்தால் சரி. இந்த நிதானமான ஓட்டத்தில்தான் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தம் அனுப்பப் பழகுகிறது. மெதுவாக ஓடப் பழகியவருக்கே தூரம் வசப்படும்.

கேள்வி: ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று உம்மா தடுக்கிறார். உண்மையா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: உம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 வீதத்தினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாமல் இருப்பவர்களில் அது 10.2 வீதம். போட்டிக்காகவே கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 வீதம். அளவோடு ஓடுங்கள். நோவு ஒரே இடத்தில் நின்று, நடக்கும்போதும் விடாவிட்டால் ஓய்வெடுங்கள்.

கேள்வி: நமது ஊரில் எங்கே, எப்போது ஓடுவது?
– வியாபாரி, சம்மாந்துறை

பதில்: சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணி வெயிலே உடம்பை வறுத்துவிடும். வயல் நடுவே போகும் வாய்க்கால் கட்டுகள் காலுக்கு இதமானவை. ஆனால் அறுவடை முடிந்த காலத்தில் யானைகள் இறங்கும். நன்றாக விடியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். கடற்கரையில் என்றால் அலை நனைத்து இறுகிய மணலில் ஓடுங்கள். அது சரிவாக இருப்பதால் போன வழியே திரும்பி வாருங்கள்; இரு காலுக்கும் பாரம் சமமாகும்.

வீதியில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். வெளிர் நிற உடுப்பு, காதில் பாட்டு வேண்டாம். நூறு வயதில் டொரொன்டோ மரதனை முடித்தவராக உலகம் கொண்டாடிய பௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தனது கிராமத்துக்கு அருகே வீதியைக் கடக்கையில் வாகனம் மோதி இறந்தார். மாரி மழையில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால், அது கணுக்கால் அளவே ஆனாலும் இறங்காதீர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் நாங்கள்.

கேள்வி: நான் ஹிஜாப் அணிகிறவள். ஓட ஆசை, ஊர் என்ன சொல்லுமோ என்று தயக்கம்.
– ஆசிரியை, நிந்தவூர்

பதில்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 மணி 22 நிமிடம் 55 செக்கனில் மரதன் ஓடி, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்ற நெதர்லாந்தின் சிஃபான் ஹசன், பதக்கம் வாங்க மேடையேறியது ஹிஜாபோடுதான். முல்லைத்தீவின் அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 72. வியர்வையைப் பிடித்து வைக்காத மெல்லிய துணியில் தளர்வாகத் தையுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். மைதானத்தில் பெண்களுக்கென ஒரு நேரத்தை ஒதுக்கும்படி பிரதேச சபையிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். சீனி வருத்தம் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. மைதானமும் பார்க்கக் கூடாது.

கேள்வி: நோன்பு காலத்தில் ஓட்டத்தை விடலாமா?
– வாசகர், மருதமுனை

பதில்: விட வேண்டாம், குறையுங்கள். நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கையில் மெதுவாக ஓடலாம். முடிந்ததும் தண்ணீரும் கஞ்சியும் கைக்கெட்டும். அல்லது தராவீஹுக்குப் பிறகு. நீண்ட ஓட்டமும் வேக ஓட்டமும் பெருநாளுக்குப் பின். தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிப்பது?
– வாசகர், கல்முனை

பதில்: தாகத்துக்குக் குடியுங்கள். கூடினாலும் ஆபத்துண்டு. 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 வீதத்தினருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தது முக்கிய காரணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நமது வெயிலில் ஓடினால் ஜீவனி கரைத்துக் கொண்டு போங்கள்.

கேள்வி: பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறேன். அரை மரதன், முழு மரதன் எப்போது?
– பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்

பதில்: பத்தை அலுப்பில்லாமல் ஓடுகிறீர்கள் என்றால் அரை மரதனுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். வாரத்தில் நான்கு நாள் போதும். அதில் ஒன்று நீண்ட ஓட்டம். ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோமீற்றர் அளவில் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். 17, 18 வரை வந்தால் 21 ஓடலாம். முழு மரதனுக்கு அதன் பிறகு ஒரு வருடமாவது பொறுங்கள். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்து 30 கிலோமீற்றரைத் தாண்டும்போது பலருக்குத் தீரத் தொடங்கும். ஓடிக்கொண்டே பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ தின்னப் பயிற்சியிலேயே பழகுங்கள்.

கேள்வி: அதென்ன 42.195 கிலோமீற்றர்? கணக்கு முழுதாக இல்லையே!
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் இருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்த நீளம் 1921இல் உலகத்துக்கே சட்டமானது.

கேள்வி: எங்கள் பாடசாலையில் அடுத்த மாதம் மரதன். பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?
– ஆசிரியர், சம்மாந்துறை

பதில்: ஒரு மாதம் போதாது சேர். 2024 மார்ச்சில் நமது மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அந்த வீட்டின் துயரம் இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது. எட்டு வாரமாவது படிப்படியான பயிற்சி, ஓடமுன் வைத்தியப் பரிசோதனை, காலை ஆறு மணிக்குத் தொடக்கம், வழி நெடுகத் தண்ணீர், பின்னால் ஒரு வாகனம், அதில் முதலுதவி தெரிந்தவர். வெயிலில் பிள்ளை தடுமாறி விழுந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றிக்கொண்டே வைத்தியசாலைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஏலாது என்று நிற்கிற பிள்ளையை யாரும் ஏசக் கூடாது என்பதை ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்லுங்கள். இத்தனையும் அடுத்த மாதத்துக்குள் முடியாவிட்டால் திகதியைத் தள்ளி வையுங்கள். அதிபரிடம் பேச இந்தப் பக்கத்தையே கொண்டுபோங்கள்.