டிராஃப்ட் அகத்திணை, உரையுடன்

அமெரிக்க பேஸ்பாலில் பள்ளி, கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும் சடங்குக்கு அமெச்சூர் டிராஃப்ட் என்று பெயர். 1965 ஜூனில் தொடங்கியது. முதன்முதலில் அழைக்கப்பட்ட பெயர் ரிக் மண்டே; அழைத்தது, அப்போது கான்சஸ் சிட்டியில் இருந்த அத்லெட்டிக்ஸ் அணி. நம் ஐபிஎல் ஏலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இங்கே பலகை தூக்கி விலை ஏற்ற முடியாது. தோற்றுத் தோற்றுக் கடைசியில் கிடந்த அணிக்கே முதல் உரிமை என்பது பழைய விதி. இப்போது அதிலும் கொஞ்சம் குலுக்கல் சேர்ந்திருக்கிறது. ஓர் அணி பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பையனுக்கு வேறு அணி கிடையாது. கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் படிக்கப் போக வேண்டும்.

சடங்கு முடிந்து பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் பழைய பட்டியலைப் பிரித்துவைத்துக்கொண்டு "இவனை விட்டார்களே, அவனைப் போய் எடுத்தார்களே" என்று புலம்புவது அந்த ஊர் ரசிகர்களின் தனிக்கலை. ஆனால் அவர்களிடம் இருப்பது தேறியவன், தேறாதவன் என்ற இரண்டே பெட்டி. காதலையே ஏழு திணையாகப் பிரித்துப் பழகியவர்களுக்கு இந்த வறுமை பொறுக்காது. ஆகவே இந்நூல்.

முதற்பொருள் என்பது காலமும் இடமும். காலம் ஜூன் மாதம். 2021 முதல் ஜூலை. இடம் என்று நெடுநாள் எதுவும் இல்லை, தொலைபேசி இணைப்பில் வரிசையாகப் பெயர்களை ஒப்பித்தார்கள். தொலைக்காட்சிக்கு வந்ததே 2007இல்தான். கருப்பொருள்: ரேடார் கன், ஸ்டாப்வாட்ச், மடக்கு நாற்காலி, வேலிக்குப் பின்னால் நின்று பையனைவிட அவன் அப்பாவின் தோள் அகலத்தைக் கவனமாகப் பார்க்கும் ஸ்கவுட். மாந்தர்: தலைவன் வீரன், தலைவி அணி, தோழி ஸ்கவுட், செவிலி ஏஜென்ட். நற்றாயாக வருபவர் பெரும்பாலும் பையனைப் பெற்ற நற்றாயேதான். பத்திரிகைக்காரர்கள் கண்டோர், பேசுவார்கள், அத்தோடு சரி.

இனி உரிப்பொருள்.

புணர்தலில் கதை குறைவு. 1987இல் சியாட்டில் மரினர்ஸ் முதல் பெயராக கென் கிரிஃபி ஜூனியரை அழைத்தது. 2016இல் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஒருவர் அங்கே போனது அதுவே முதல் முறை. அதே நாளில் அதே மேடையில் சேர்க்கப்பட்டவர் மைக் பியாட்சா. இவரை எடுத்தது 1988இல், 62ஆம் சுற்றில், 1390ஆவது பெயராக. அந்த நேரத்தில் கண்டோரே வீட்டுக்குப் போயிருப்பார்கள். பியாட்சாவின் அப்பாவும் டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டாவும் நெருங்கிய நண்பர்கள்; ஒரு மரியாதைக்காகப் பெயரைச் சொல்லிவைத்தார்கள். தலைவனையும் தலைவியையும் கூட்டுவிப்பது ஊழ் என்று நம் இலக்கணம் சொல்லும். இங்கே ஊழின் பெயர் லசோர்டா. மரியாதைக்கு எடுத்த பையன் 427 ஹோம் ரன் அடித்துவிட்டார். இந்தக் கிளைவகை இப்போது அற்றுப்போயிற்று: 1996இல் நூறு சுற்று வரை நீண்ட டிராஃப்ட் இன்று இருபதோடு முடிகிறது. 62ஆம் சுற்றே இல்லாத உலகில் பியாட்சாவுக்கு யார் தொலைபேசியில் சொல்வது?

இருத்தல் இந்த விளையாட்டுக்கே உரிய திணை. கூடைப்பந்தில் எடுத்த பையனை அந்தப் பருவத்திலேயே களத்தில் பார்க்கலாம். பேஸ்பாலில் எடுத்ததும் மைனர் லீகுக்கு அனுப்பிவிடுவார்கள். சின்ன ஊர்கள், பஸ்ஸில் இரவுப் பயணம், கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளம். தொழிற்சங்கம் வந்ததே 2022இல்தான். பெரும்பாலோர் இந்த முல்லையிலேயே மழைக்காலத்தை எதிர்பார்த்து வயதாகி வீடு திரும்புகிறார்கள். ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999இல் 13ஆம் சுற்று, 402ஆவது பெயர். மைனரில் இருந்தது ஒரே பருவம். 2001இல் செயின்ட் லூயிஸ் அணிக்கு வந்தவர், 703 ஹோம் ரன்னோடு ஓய்ந்தார். அவருக்கு முன்னால் 401 முறை வேறு பெயர் சொல்லப்பட்டது என்பதை எந்த அணியின் வரலாற்றுப் புத்தகமும் அட்டையில் போடாது.

ஊடலின் பொருள் போனஸ். 2009இல் ஸ்டீஃபன் ஸ்டிராஸ்பர்க் வாஷிங்டனோடு ஊடியபோது, நள்ளிரவுக் கெடுவுக்கு ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில்தான் கையெழுத்தானது, தொகை 1.51 கோடி டாலர். செவிலி ஸ்காட் போராஸ். இந்தத் திணையில் அவர் பெயர் வராத பக்கம் குறைவு. 2014இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதலாவதாக எடுத்த பிரேடி ஐக்கனின் ஊடல் தீரவே இல்லை: மருத்துவப் பரிசோதனையில் முழங்கையைப் பார்த்துவிட்டு அணி தொகையைக் குறைத்தது, பையன் போய்விட்டார். அதற்கு ஈடாக மறுவருடம் கிடைத்த இரண்டாம் அழைப்பில் ஹூஸ்டன் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மனை. ஐக்கனுக்கு அடுத்த வசந்தத்தில் முழங்கையில் அறுவை சிகிச்சை. அணியை அன்று கருமி என்று திட்டிய கண்டோர், பின்னால் அதே வாயால் தீர்க்கதரிசி என்றார்கள்.

பிரிதலுக்கு ஜான் ஸ்மோல்ட்ஸ் போதும். மிச்சிகன் பையன், சின்ன வயதிலிருந்தே டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகர். அதே அணி 1985இல் 22ஆம் சுற்றில் எடுத்தது. 1987இல் அவரை அட்லாண்டாவுக்குத் தள்ளிவிட்டு டாயில் அலெக்சாண்டர் என்ற பழுத்த பிட்சரை வாங்கியது. அலெக்சாண்டர் வந்து 9 வெற்றி, 0 தோல்வி. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம். ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் இருபது வருடம் வீசி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். இதைப் பெருந்தவறு என்பார்கள் பலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஆகஸ்டில் டெட்ராய்ட் கேட்டது அந்த அக்டோபரை, அது கிடைத்தது.

கைக்கிளைக்கு இலக்கணம்: அணி அழைக்கும், பையன் திரும்பிப் பார்க்க மாட்டான். 1995இல் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் 18ஆம் சுற்றில் ஒரு கேட்சரை எடுத்தது. அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்து ஆடப் போய்விட்டார், அமெரிக்கக் கால்பந்து. பெயர் டாம் பிரேடி. எக்ஸ்போஸ் அணியும் பிறகு ஊரைவிட்டே போய்விட்டது. இதற்கு நேர்மாறானது சுயம்வரம்: 1973இல் டேவ் வின்ஃபீல்டை மூன்று விளையாட்டுகளில் நான்கு அணிகள் அழைத்தன. சான் டியேகோவுக்கு மாலை விழுந்தது.

பெருந்திணை, பொருந்தாக் காமம். டேவிட் கிளைட், டெக்சஸ் பள்ளிப் பிட்சர், 1973இன் முதல் அழைப்பு. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கூட்டம் வராத காலம். முதலாளி பாப் ஷார்ட்டுக்குக் கல்லாப்பெட்டிக் கவலை. பள்ளி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 27 அன்று பதினெட்டு வயதுப் பையனை நேராகப் பெரிய களத்தில் இறக்கினார். ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. கிளைட் ஐந்து இன்னிங்ஸ் வீசினார், ஒரே ஒரு ஹிட், எட்டு ஸ்டிரைக் அவுட், வெற்றி. ஆனால் அந்த ஐந்து இன்னிங்ஸுக்குள் ஏழு பேரைப் பந்து வழிதவறி நடக்கவும் விட்டிருந்தார். மைனர் லீகில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்த ஏழில் இருந்தது. ஓரிரு ஆட்டம் காட்டிவிட்டு அனுப்புவதாகத்தான் பேச்சு. டிக்கெட் விற்ற பிறகு யார் அனுப்புவார்கள்? தோள் கெட்டது. மொத்தக் கணக்கு 18 வெற்றி, 33 தோல்வி. ரேஞ்சர்ஸுக்கு அவர் தேறாத பையன் என்று எழுதுகிறவர்கள் வினைமுதலை மாற்றி எழுதுகிறார்கள்.

இரங்கல்தான் இந்நூலின் பெரும்பகுதி. இரங்கலுக்கு இரண்டு பெயர் வேண்டும். ஒரு பெயரை வைத்து இரங்க முடியாது. 1966இல் நியூயார்க் மெட்ஸ் முதலாவதாக ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை அழைத்தது. தோளில் அடிபட்டு, மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடாமல் ஒதுங்கினார். அடிபட்டு ஒதுங்கிய பையன்கள் ஆயிரம் பேர் உண்டு. அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. சில்காட்டைத் தெரிவதற்குக் காரணம், இரண்டாவதாக அழைக்கப்பட்டவர் ரெஜி ஜாக்சன், 563 ஹோம் ரன். ஏன் ஜாக்சனை விட்டார்கள் என்பதற்கு இருவேறு உரை உண்டு. அணிக்குக் கேட்சர் தேவை என்பது மெட்ஸ் உரை. தன் நிறம்தான் காரணம் என்பது ஜாக்சன் உரை. அந்தக் காலத்து அமெரிக்காவைத் தெரிந்தவர்கள் இரண்டாவதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

1992இல் தோழியே இரங்கிய கதை. ஹூஸ்டனின் ஸ்கவுட் ஹால் நியூஹவுசர், தாமே பெரிய பிட்சராக இருந்தவர், கலமசூ ஊர்ப் பையன் டெரெக் ஜீட்டரை எடுக்கச் சொல்லி மன்றாடினார். பணம் கூடும் என்று அஞ்சிய அணி ஃபில் நெவினை எடுத்தது. நியூஹவுசர் வேலையை விட்டுவிட்டார். நெவின் 208 ஹோம் ரன் அடித்தவர். தனியாக நின்றால் கௌரவமான வாழ்க்கை. ஜீட்டருக்கு முன்னால் ஐந்து அணிகள் போயின, பழி மட்டும் ஹூஸ்டனுக்கு. ஒருவேளை வேலையை விடத் துணிந்த தோழி மற்ற நால்வருக்கும் வாய்க்கவில்லை.

இரங்கலே எழாத அபூர்வமும் உண்டு. 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் 24ஆவதாக ராண்டல் கிரிச்சக்கையும் அடுத்த மூச்சில் 25ஆவதாக மைக் டிரவுட்டையும் எடுத்தது. தப்பாகச் சொன்ன பெயருக்குப் பரிகாரம் அடுத்த வரியிலேயே அவர்களிடம் இருந்தது.

புறனடை ஒன்று உண்டு. 2013இல் ஹூஸ்டன் முதலாவதாக எடுத்த பிட்சர் மார்க் அப்பெல். அடுத்த பெயர் கிரிஸ் பிரையன்ட். பிரையன்ட் 2016இல் சிகாகோ கப்ஸோடு கோப்பை வென்றார்; அப்பெல் 2018இல் மைனர் லீகிலிருந்தே ஆட்டத்தை விட்டார். இரங்கல் என்று எல்லாரும் எழுதி முடித்தார்கள். அவர் திரும்பி வந்தார். 2022 ஜூனில், முப்பது வயதில், ஃபிலடெல்ஃபியா அணிக்காக முதன்முறை மேஜர் லீக் மேட்டில் ஏறி, ஒரு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான். இதை இருத்தலில் சேர்க்கலாம் என்பார் ஒரு சாரார், ஒன்பது வருடம் இருந்தாரே என்று. நடுவில் மூன்று வருடம் இருக்கவில்லையே, அதை எங்கே வைப்பது என்பார் மறுசாரார். ஹூஸ்டன் ரசிகரைக் கேட்டால் இன்னும் இரங்கல்தான் என்பார்.