காத்தாடிக்குக் கீழே

நான் பிறந்தது 1958-ல், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். என் எதிர்காலம் பற்றி அப்பா வைத்திருந்த திட்டம் ஒரே வரி: "காத்தாடிக்குக் கீழ உக்காந்து வேல பாக்கணும்." என்ன வேலை என்று சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்து தோட்டத்தில் காத்தாடி சுற்றியது இரண்டே இடத்தில்: துரை பங்களா, ஆபீஸ். துரை ஆவது நடக்காது. மிச்சம் இருந்தது கிராணி வேலை.

மெர்டேக்காவுக்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்ததால், எங்கள் வீட்டில் குடியுரிமையோடு இருந்த ஒரே ஆள் தொட்டிலில் கிடந்த நான்தான். அப்பா கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைக்காரர். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, அக்கம்பக்கத்தில் பலர் குடும்பத்தோடு ரஜூலா கப்பலுக்குப் பெட்டி கட்டினார்கள். அப்பாவுக்கு எப்படியோ பெர்மிட் கிடைத்தது. அன்று இரவு என் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தகரப் பெட்டியில் பூட்டினார். எனக்கு வேறு ஜாதகம் எழுதவில்லை. அந்தப் பத்திரத்தில் என் பெயர், எழுதியவர் காதில் விழுந்தபடி, ஓரெழுத்து கூடுதலாக இருக்கிறது.

இருட்டோடு பிரட்டுக்குப் போகும் அம்மா என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். அதற்குப் பிறகு தோட்டப் பள்ளிக்கூடம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-லேயே தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. எத்தனை வாத்தியார் என்று சட்டம் அவ்வளவாகக் கவலைப்படவில்லை போலும். எங்களுக்கு ஒரே கூரை, ஒரே வாத்தியார், ஆறு வகுப்பு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையான காலம் அது. நாமே வாங்கிவிடலாம் என்று எங்கள் சுங்கை சிப்புட்காரர் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். அப்பாவும் போட்டார். மகன் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும், தோட்டம் நம்முடையதாகிவிட வேண்டும் – இரண்டு ஆசையும் அவருக்கு ஒரே மனசில் சண்டையில்லாமல் இருந்தன.

ஐந்தாம் பாரம் முடித்து ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். பார்க்க வந்த அப்பா, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கூரையைத்தான் பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்தது. தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

இப்போது பேரன் பிறந்திருக்கிறான். பிறப்பைப் பதிந்த கையோடு மைக்கிட் அட்டை, உயர்கல்விக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு. எண்கணிதம் பார்ப்பவர் பெயரில் இரண்டெழுத்து கூட்டிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார். என் பெயருக்கு அந்தச் சேவை இலவசமாக நடந்தது.

"அவன்மேல நாங்க எதையும் திணிக்கப் போறதில்ல மாமா. அவன் எதுவா வேணும்னாலும் ஆகட்டும், சந்தோஷமா இருந்தா போதும்" என்றாள் மருமகள்.

"பால்மரம் வெட்டப் போறேன்னு சொன்னா?"

"மாமா எப்பவும் இப்படித்தான்" என்று சிரித்தாள். பதில் வரவில்லை.

திணிக்காமல் இருப்பதற்கு நிறையத் திட்டம் வேண்டியிருக்கிறது. தலையே நிற்காத பிள்ளைக்கு இரண்டு பாலர் பள்ளிகளில் பெயர் பதிந்தாயிற்று. அதில் ஒன்றின் சிறப்பு, பிள்ளைகளை ஏர்கோனிலிருந்து வெளியே கூட்டிப்போய் வெறுங்காலோடு மண்ணில் நடக்கவிடுவார்களாம். இயற்கையோடு ஒட்டிய கல்வி. கட்டணத்தைக் கேட்டபோது அப்பா உயிரோடு இல்லாதது நல்லது என்று பட்டது. நான் பிறந்த தோட்டம் இன்று பாதி செம்பனை, பாதி தாமான். அங்கே வெறுங்காலோடு யாரும் நடப்பதில்லை.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட்டதால் தோட்டத்துப் பள்ளிகள் சில, பிள்ளைகளைத் தேடி அலைகின்றன. பேரனை ஏதாவதொரு தமிழ்ப்பள்ளியில் போடுங்கள், எனக்கு வேறு ஆசை இல்லை என்று மகனிடம் சொன்னேன்.

"அதையும் லிஸ்ட்ல வச்சிருக்கோம்பா" என்று கைப்பேசியைத் திறந்து காட்டினான். இருந்தது: நீச்சலுக்குக் கீழே, பியானோவுக்கு மேலே.