இரைச்சலுக்கு விலை உண்டா?

வீட்டு கேசட்டில் பாடிப் பேர் வாங்கியவர் பெரிய ஸ்டூடியோவுக்குப் போனால் பாட்டு கெட்டுவிடும் என்கிறார்களே?
– ஒரு ரசிகர், பட்டர்வொர்த்

ஒட்டுக்கடை மீ கோரெங் ஏர்கான் கடைக்கு மாறினால் சட்டியையா குறை சொல்வீர்கள்? கை மாறியதா என்று பாருங்கள்.

கை மாறாதவர் எவராவது உண்டா?
– கித்தார் மாணவி, பிறை

‘மவுண்டன் கோட்ஸ்’ இசைக்குழுவின் ஜான் டார்னியல். பல வருடம் பானசோனிக் கேசட் ரெக்கார்டரில்தான் பதிந்தார். மோட்டார் இரைச்சல்தான் பக்கவாத்தியம். 2002-ல் ஸ்டூடியோவில் செய்த ‘டல்லஹாஸி’ ஆல்பம் முழுக்க ஒரு தம்பதியின் சண்டை. அடுத்த வீட்டுச் சண்டை தெளிவாகக் கேட்க வேண்டாமா?

அவரைப் போலவே கேசட்டில் பாடிய டேனியல் ஜான்ஸ்டன் மட்டும் ஏன் தோற்றார்?
– பழைய கேசட் பிரியர், பட்டர்வொர்த்

ஆஸ்டின் மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்தபடியே தன் பாட்டுக் கேசட்டுகளை இலவசமாகக் கொடுத்தார். அவர் வரைந்த தவளைப் படம் போட்ட சட்டையை கர்ட் கோபேனே அணிந்தார். 1994-ல் பெரிய கம்பெனி வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘ஃபன்’. விற்பனையில்தான் வேடிக்கை இல்லை, கம்பெனி கைகழுவியது. நாடாவில் இருந்தவரை நாடியவர்கள், கடைக்கு வந்ததும் நாடவில்லை!
ஆனால் தோற்றது ஆல்பம்தான். அந்தப் பழைய கேசட் பாட்டுகளை இன்றும் கேட்கிறார்கள்.

படகுத்துறையில் கைப்பேசியில் பாடிப் பதிகிறேன். பெர்ரி சங்குச் சத்தமும் விழுகிறது. ஸ்டூடியோ போகட்டுமா?
– பாட்டு எழுதுபவன், பட்டர்வொர்த்

போங்கள், சங்கையும் கூட்டிக்கொண்டு! 1985-ல் பினாங்குப் பாலம் வந்தும் பெர்ரி நிற்கவில்லையே. அக்கரைக்கு வழி இரண்டு. போய்ச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.